குப்புற அழுத்தியதில் ஒரு மரணம்: எந்தக் குற்றச்சாட்டு, யார் மீது?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவி. மாதிரி நீதிமன்றப் போட்டியில் எங்களுக்கு வந்திருக்கும் வழக்கு இது. ஒருவர் மனநிலை குழம்பித் தெருவில் கத்திக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்து நான்கு போலீசார் போகிறார்கள். அவர் திமிறுகிறார். குப்புறத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி விலங்கு பூட்டுகிறார்கள். பூட்டிய பிறகும் ஆறு நிமிடம் ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றியிருக்கிறார். இன்னொருவர் கால்களைப் பிடித்திருக்கிறார். மூன்றாமவர் கூட்டத்தை விலக்குகிறார். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன நான்காமவர், "சார், ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். "மூச்சு முட்டுது" என்று கெஞ்சியவர் நான்காவது நிமிடத்தில் அசைவற்றுப் போகிறார், இறந்துவிடுகிறார். ரத்தத்தில் போதைப்பொருள் இருந்தது, இதயக் குழாயில் அடைப்பும் இருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை 'பிறர் செயலால் நேர்ந்த மரணம்' என்கிறது. நான் அரசுத் தரப்பு. எந்த நாட்டுச் சட்டத்தையும் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜார்ஜ் ஃபிளாய்ட் வழக்கில் கொலைக் குற்றம், எரிக் கார்னர் வழக்கில் குற்றப்பத்திரிகையே இல்லை. ஒரே மாதிரியான சாவுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? நான் யார் மீது என்ன குற்றம் சாட்டுவது? என் அப்பா போலீஸ்காரர். "செய்த வேலைக்குக் கொலைகாரன் பட்டமா?" என்று கேட்கிறார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திமிறுகிற ஒருவரைப் பிடித்து அடக்க போலீசாருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. நீங்களோ நானோ அதே காரியத்தைச் செய்தால் அடிதடி வழக்கு வரும். அவர்கள் செய்தால் அது கடமை. ஆகவே 'அடித்தார், இறந்தார்' என்ற வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. எதுவரை கடமை, எந்த இடத்தில் குற்றம் தொடங்குகிறது என்ற கோட்டை அரசுத் தரப்புதான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். அதைப் போடாமல் கொலையா, கொலையாகாத மரணமா என்று பிரிவுகளைப் புரட்டத் தொடங்கினால் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம்.

அந்தக் கோடு பெரும்பாலும் கடிகாரத்தில்தான் கிடைக்கிறது. 'ஆறு நிமிடம்' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். சம்பவத்தை மூன்றாக வெட்டுங்கள். முதலில் கை வைத்ததிலிருந்து விலங்கு பூட்டும்வரை. அடுத்து, பூட்டியதிலிருந்து அவர் அசைவற்றுப் போகும்வரை. கடைசியாக, அசைவு நின்றதிலிருந்து முழங்காலை எடுக்கும்வரை. ஒவ்வொரு துண்டிலும் சட்டம் கேட்கும் கேள்வியே வேறு.

முதல் துண்டில் போலீசாரின் கை ஓங்கியிருக்கும், ஓங்கியிருக்கவும் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் கிரகாம் எதிர் கானர் வழக்கில் வகுத்த அளவுகோல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில், அந்த நேரத்தில், நியாயமான ஒரு போலீஸ்காரர் என்ன செய்திருப்பார் என்று பார்க்க வேண்டும். எல்லாம் நடந்து முடிந்த பிறகு வசதியாக உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது. எதிர்த் தரப்பு இந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அந்த வழக்கின் கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கிரகாம் ஒரு சர்க்கரை நோயாளி. இன்சுலின் எதிர்வினையால் தடுமாறியவரைக் குடிகாரர் என்று நினைத்துப் போலீசார் முரட்டுத்தனமாகக் கையாண்டார்கள். நோயாளியைக் குற்றவாளியாகப் பார்த்த வழக்கிலிருந்துதான் இந்த அளவுகோலே பிறந்தது. உங்கள் வழக்கில் இறந்தவரும் குற்றம் செய்தவர் இல்லை, மனம் குழம்பியவர். பலம் எவ்வளவு தேவை என்பதை மூன்று விஷயங்களை வைத்து அளக்கச் சொல்கிறது அந்தத் தீர்ப்பு: குற்றத்தின் தீவிரம், பிறருக்கு உடனடி ஆபத்து, எதிர்ப்பு அல்லது தப்பி ஓடும் முயற்சி. விலங்கு பூட்டிக் குப்புறக் கிடக்கும் மனிதரிடம் இந்த மூன்றில் எது மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது துண்டுக்கு இங்கேதான் வந்து சேர்கிறோம். விலங்கு பூட்டியாயிற்று, ஆள் இன்னும் நெளிகிறார். "எதிர்க்கிறார், அதனால் அழுத்தினோம்" என்பது போலீசாரின் பதிலாக இருக்கும். மருத்துவம் வேறு விதமாகச் சொல்கிறது. குப்புறப் படுத்து, முதுகில் பாரம் ஏறினால் விலா எலும்புகள் விரிய இடமிருக்காது. வயிறு தரையில் அழுந்துவதால் உதரவிதானம் இறங்க முடியாது. திமிறி ஓய்ந்த உடம்பில் அமிலம் கூடியிருக்கும். அதை ஈடுகட்ட அவர் வழக்கத்தைவிட வேகமாக, ஆழமாக மூச்சுவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் மூச்சுக்கு வழியில்லாமல் போகிறது. நெஞ்சைக் கொஞ்சம் தூக்கிக் காற்று வாங்கத் தோளையும் இடுப்பையும் முறுக்குவார். மேலே இருப்பவருக்கு அது எதிர்ப்பாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்துவார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்க நீதித் துறை 1995 ஜூன் மாதமே போலீசாருக்காக வெளியிட்ட அறிவிக்கை, விலங்கு பூட்டிய உடனே ஆளைக் குப்புறக் கிடையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நேரடியாகச் சொன்னது. 'இப்படி ஆகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற எதிர்வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. உங்கள் வழக்கின் முதல் குற்றவாளிக்கு இது சொல்லிக்கொடுக்கப்பட்டதா என்று பயிற்சிப் பதிவேட்டைப் பாருங்கள். அவர் கையெழுத்து அதில் இருந்தால் உங்கள் வழக்கில் பாதி அந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

மூன்றாவது துண்டில் சமாதானம் சொல்ல எதுவுமே இல்லை. அசையாத, பேசாத, விலங்கு பூட்டிய ஒருவர் மீது பாரத்தை வைத்திருக்க எந்த நாட்டுச் சட்டத்திலும் காரணம் கிடையாது. காவலில் எடுத்தவரின் உயிருக்கு எடுத்தவர்தான் பொறுப்பு. நாடித்துடிப்பு பார்ப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, துடிப்பு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வது ஆகிய கடமைகள் அந்த நொடியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகின்றன.

ஃபிளாய்ட் வழக்கில் அரசுத் தரப்பு செய்தது இதைத்தான். 2020 மே 25-ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டெரெக் ஷாவின் என்ற போலீஸ்காரர் ஃபிளாய்டின் மீது முழங்காலை ஊன்றியிருந்த நேரம் 9 நிமிடம் 29 விநாடி. தொடக்க உரையில் அதை ஜூரிக்கு முன் பிரித்து வைத்தார்கள். 4 நிமிடம் 45 விநாடி உதவி கேட்டுக் கதறியது, 53 விநாடி உடல் துடித்தது, 3 நிமிடம் 51 விநாடி எந்த அசைவும் இல்லாதது. கடைசித் துண்டுக்குள் இன்னொன்றும் இருந்தது. உடனிருந்த இளைய போலீஸ்காரர் நாடியைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகும் முழங்கால் எழவில்லை. முதல் துண்டை வைத்து வாதிட்டிருந்தால் 'பெரிய உடம்பு, காரில் ஏற மறுத்தார்' என்ற கதை ஜூரியிடம் எடுபட்டிருக்கும். கடைசித் துண்டில் அதற்கு வழியில்லை.

நேரக்கோட்டை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டும். வீடியோவைப் போட்டுக் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு போலீஸ்காரரின் சட்டைக் கேமராவும் ஒரு நேரம் காட்டும், கட்டுப்பாட்டு அறையின் ஒலிப்பதிவு இன்னொன்றைக் காட்டும். எல்லாவற்றிலும் கேட்கும் ஒரு பொதுச் சத்தத்தை, ஒரு கார்க் கதவு அறையும் ஒலியையோ ஒரு வயர்லெஸ் அழைப்பையோ பிடித்துக் கடிகாரங்களை ஒன்றாக்குங்கள். பிறகு பெரிய தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் நேரம், அடுத்தடுத்து நான்கு பேருக்கும் நான்கு பத்தி, ஐந்தாவது பத்தியில் இறந்தவர். யார் கை எங்கே, யார் பாரம் எங்கே, யார் என்ன சொன்னார், அது யார் காதுக்கு எட்டும் தூரத்தில் சொல்லப்பட்டது, விலங்கு பூட்டிய 'கிளிக்' எப்போது, கடைசிச் சொல் எப்போது, கடைசி அசைவு எப்போது, ஆம்புலன்சை யார் எப்போது கூப்பிட்டார்கள், எந்த அவசரம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தத் தாளை முடித்த பிறகு எந்தப் பிரிவு என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே வந்திருக்கும்.

இனி போதைப்பொருளும் இதய அடைப்பும். எதிர்த் தரப்பு உங்களைச் சாய்க்க நினைப்பது இங்கேதான்.

பிரேதப் பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சு அடங்கிச் செத்த உடம்பில், அப்படித்தான் செத்தார் என்று சொல்லும் தனி அடையாளம் பல சமயம் இருக்காது. கழுத்து எலும்பு முறியாது, நுரையீரலில் தனித்த குறி இருக்காது. போதைப்பொருளின் அளவும் இதயக் குழாயின் அடைப்பும் மட்டும் காகிதத்தில் எண்களாகத் தெரியும். எண் இருக்கும் பக்கமே உண்மை இருப்பது போலத் தோன்றும். உங்கள் டாக்டர் உடம்பை மட்டும் பார்த்து முடிவு சொன்னாரா, வீடியோவையும் பார்த்துச் சொன்னாரா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் கேட்பது, அந்த அழுத்தம் இல்லாமலிருந்தால் அன்று, அந்த நேரத்தில் அவர் இறந்திருப்பாரா என்பதுதான். மரணத்துக்கு ஒரே காரணம் அதுவாக இருக்க வேண்டியதில்லை. கணிசமான காரணமாக இருந்தால் போதும். பலவீனமான இதயம் உள்ளவரைத் தாக்கியவர், 'ஆரோக்கியமான ஆளாக இருந்தால் பிழைத்திருப்பார்' என்று சொல்லித் தப்ப முடியாது. எந்த நிலையில் கிடைத்தாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபிளாய்டின் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் ஃபென்டனில், மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்கள், இதய நோய் எல்லாம் 'பிற முக்கிய நிலைகள்' என்ற இடத்தில் இருந்தன. மருத்துவ அதிகாரி ஆண்ட்ரூ பேக்கர் அவற்றை மறைக்கவில்லை. முதன்மைக் காரணத்தில் மட்டும் சேர்க்கவில்லை. நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின், மூச்சு எப்படிக் குறைந்துகொண்டே போனது என்பதை ஜூரிக்கு வீடியோவை வைத்தே விளக்கினார். ஒருவரால் பேச முடிகிறது என்றால் அந்தக் கணத்தில் குரல்வளை வழியே கொஞ்சம் காற்று போகிறது என்று மட்டுமே பொருள். உயிர் தரிக்கப் போதுமான மூச்சு உள்ளே போகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை என்றார். 'பேசுகிறாரே, அப்புறம் என்ன மூச்சு முட்டல்?' என்பது தெருவில் நிற்கும் எல்லோருக்கும் வரும் நினைப்பு. பயிற்சி பெற்றவருக்கு அது வரக்கூடாது.

'வெறி மயக்கம்' என்ற வாதம் வந்தால் தயங்காதீர்கள். போதையில் வெறிகொண்டு, அபார பலம் பெற்று, திடீரென்று தானாகச் செத்துப்போனார் என்ற விளக்கம் 'எக்சைட்டட் டெலிரியம்' என்ற பெயரில் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் உலவியது. அமெரிக்காவின் தேசிய மருத்துவப் பரிசோதகர் சங்கம் 2023-இல் மரணக் காரணமாக அதை ஏற்க முடியாது என்றது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அவசர மருத்துவர்களின் சங்கம், அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டுவந்த தன் 2009 அறிக்கையைத் திரும்பப் பெற்றது. அந்த விளக்கத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம்.

அறிக்கையில் உள்ள 'பிறர் செயலால் நேர்ந்த மரணம்' என்ற வரியை வைத்து அதிகம் கட்டிவிடாதீர்கள். இயற்கை, விபத்து, தற்கொலை, பிறர் செயல், தீர்மானிக்க முடியவில்லை என்று படிவத்தில் இருக்கும் கட்டங்களில் டாக்டர் ஒன்றை நிரப்புகிறார். குற்றம் நடந்ததா என்பது அவர் வேலை இல்லை. கார்னர் விஷயத்திலும் இதே கட்டம்தான் நிரப்பப்பட்டது, குற்றப்பத்திரிகை வரவில்லை. மறுபக்கம், டாக்டர் அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் வழக்கே முடிந்தது என்றும் இல்லை. அதற்கு ஓர் உதாரணம் பின்னால் வருகிறது.

இப்போது பிரிவுகளுக்கு வருவோம். ஒரே செயல் ஓர் ஊரில் கொலையாகவும் இன்னோர் ஊரில் கவனக்குறைவாகவும் ஆவதற்கு முக்கிய காரணம், அந்தந்த ஊர்ச் சட்டம் குற்ற மனத்தின் படிகளை எங்கே வைத்திருக்கிறது என்பதுதான். ஷாவின் கொல்ல நினைத்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவே இல்லை. நிரூபிக்கத் தேவையும் இருக்கவில்லை. மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்தின் சட்டத்தில், ஒரு கடுங்குற்றத்தைச் செய்யும்போது மரணம் நேர்ந்தால் எண்ணம் இல்லாமலே அது இரண்டாம் நிலைக் கொலை. தாக்குதலே அந்தக் கடுங்குற்றமாக இருக்கலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது முடியாது. தாக்குதலால் வந்த மரணத்தில், அதே தாக்குதலை ஏணியாக வைத்துக் கொலைக்கு ஏற முடியாது. ஆகவே "ஃபிளாய்ட் வழக்கில் கொலை என்றார்களே" என்று நீதிபதி முன் நின்றால், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த வழக்கின் இன்னொரு குற்றச்சாட்டான மூன்றாம் நிலைக் கொலையின் கதையையும் படியுங்கள். முதலில் கவுன்ட்டி வழக்கறிஞர், அதாவது மாவட்ட அரசு வழக்கறிஞர், அதைப் போட்டார், நீதிபதி நீக்கினார், மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு போலீஸ்காரரின் வழக்கில் சொன்னதை வைத்து மீண்டும் சேர்த்தார்கள், ஜூரியும் குற்றவாளி என்றது. சில மாதம் கழித்து, 2021 செப்டம்பரில், மினசோட்டா உச்ச நீதிமன்றம் அந்த வேறொரு வழக்கில், ஒரே ஒருவரைக் குறிவைத்த செயலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்த்துவிட்டது. ஷாவினுக்கு விதித்த இருபத்திரண்டரை ஆண்டு இரண்டாம் நிலைக் கொலைக்கானது என்பதால் தண்டனை ஆடவில்லை. அந்த ஒரு பிரிவை மட்டும் நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

படிகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கொல்லும் எண்ணம் மேல்படி. இந்த வகை வழக்குகளில் அது அநேகமாகக் கிடைக்காது. உயிர் போகக்கூடும் என்று தெரிந்தும் துணிந்து செய்வது அடுத்தது. தெரிந்திருக்க வேண்டியது, ஆனால் பார்க்கத் தவறியது, அந்தத் தவறுதலும் மிகக் கொடியது என்பது அதற்கும் கீழே. இந்திய பாரதிய நியாய சன்ஹிதாவில் 105 (கொலையாகாத மரணம்), 106 (கவனக்குறைவால் மரணம்) பிரிவுகளுக்கு நடுவே ஓடும் கோடும், இங்கிலாந்தில் 1994-இல் அடோமாக்கோ வழக்கு வகுத்த பெருங்கவனக்குறைவு மரணமும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. அடோமாக்கோ ஒரு மயக்க மருந்து மருத்துவர். அறுவை சிகிச்சையின்போது மூச்சுக் குழாய் கழன்றதைக் கவனிக்காமல் நோயாளி இறந்தார். அந்த நோயாளியின் மூச்சு அவர் கையில் இருந்தது. உங்கள் வழக்கில் கை கட்டப்பட்டவரின் மூச்சும் அந்த நால்வர் கையில்தான் இருந்தது.

உங்கள் அப்பாவின் சங்கடத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. கொலைகாரன் என்று சொல்வதற்கும் குற்றமே இல்லை என்று சொல்வதற்கும் நடுவே சட்டத்தில் நிறைய இடம் இருக்கிறது. அரசுத் தரப்பு பல சமயம் அந்த நடு இடத்தை மறந்து, மக்கள் கோபத்துக்குப் பயந்து உச்சியில் ஏறும். அல்லது காவல் துறையின் கோபத்துக்குப் பயந்து இறங்கியே போய்விடும். இரண்டுமே இறந்தவருக்குச் செய்யும் துரோகம் என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்காவின் டகோமா நகரில் 2020-இல் போலீசார் அடக்கிப் பிடித்ததில் இறந்த மேனுவல் எல்லிஸ் வழக்கில் இரண்டு போலீசார் மீது கொலை, மூன்றாவது ஒருவர் மீது கொலையாகாத மரணம் என்று குற்றம் சாட்டினார்கள். 2023 டிசம்பரில் மூவரும் விடுதலை.

யார் முடிவெடுக்கிறார் என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட வித்தியாசத்துக்கு மிகப் பெரிய காரணம் அதுதான். மாவட்ட அரசு வழக்கறிஞர் தினமும் அதே போலீசாரின் சாட்சியத்தை நம்பித்தான் வழக்கு நடத்துகிறார். நாளைக் காலை அவர்களோடு வேலை செய்ய வேண்டியவர் இன்று அவர்கள் மீது குற்றம் சாட்ட வேண்டும். நல்லவராகவே இருந்தாலும் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் சந்தேகம் எல்லாம் ஒரு பக்கமே சாயும்.

கார்னர் 2014 ஜூலை 17 அன்று நியூயார்க்கில் இறந்தார். சில்லறை சிகரெட் விற்றதாகச் சந்தேகம். கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்த அந்தப் பிடி காவல் துறையின் சொந்த விதியிலேயே தடை செய்யப்பட்டது. மாவட்ட வழக்கறிஞர் கிராண்ட் ஜூரியிடம், அதாவது குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழுவிடம், கொண்டுபோனார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்த விசாரணை முடிந்து, டிசம்பர் 3-ஆம் தேதி 'குற்றம் சாட்ட முகாந்திரம் இல்லை' என்று வந்தது. மத்திய அரசு ஐந்து ஆண்டு இழுத்து, காலக்கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கைவிட்டது. மத்தியச் சட்டத்தில் உரிமையை 'வேண்டுமென்றே' பறித்தார் என்று நிரூபிக்க வேண்டும். அது மிக உயரமான படி. நேரக்கோட்டை வைத்துப் பார்த்தால் இன்னொரு வேறுபாடும் தெரியும். கார்னரில் கழுத்துப் பிடி சில விநாடிகளில் நடந்து முடிந்தது. அதை 'கைகலப்பில் நழுவிய பிடி' என்று சொல்ல இடம் இருந்தது. ஷாவினுக்கு அந்த இடம் இல்லை. ஆனாலும் கார்னர் அசைவற்றுக் கிடந்த பிறகு சுற்றி நின்றவர்கள் உயிர்ப்பிக்க முயலாத அந்த நிமிடங்களை எந்தக் குற்றவியல் நீதிமன்றமும் வெளிப்படையாக எடைபோடவில்லை என்பது என் மனக்குறை.

கொலராடோவில் இலைஜா மெக்லெய்ன் வழக்கைக் கட்டாயம் படியுங்கள். 2019 ஆகஸ்ட், அரோரா நகரம். 23 வயது இளைஞர் வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார். 'சந்தேகப்படும்படி இருக்கிறார்' என்று ஒரு போன், அவ்வளவுதான். எந்தக் குற்றமும் இல்லை. கழுத்துப் பிடி போட்டு, கை விலங்கு பூட்டிக் கிடத்தினார்கள். வந்த மருத்துவ உதவியாளர்கள், அவர் எடையைத் தப்பாகக் கணித்து கெட்டமின் என்ற மயக்க மருந்தை 500 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். அவர் எடை சுமார் 65 கிலோதான். முதல் பிரேதப் பரிசோதனை 'தீர்மானிக்க முடியவில்லை' என்றது. அதைக் காட்டி மாவட்ட வழக்கறிஞர் வழக்கைக் கைவிட்டார். 2020 ஜூனில், மக்கள் தெருவுக்கு வந்த பிறகு, ஆளுநர் அதை மாநில அட்டர்னி ஜெனரலிடம், அதாவது மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரிடம், ஒப்படைத்தார். கிராண்ட் ஜூரி 2021-இல் மூன்று போலீசார், இரண்டு உதவியாளர்கள் மீது 32 குற்றச்சாட்டுகள் சாட்டியது. ஒரு போலீஸ்காரரும் இரண்டு உதவியாளர்களும் குற்றக் கவனக்குறைவு மரணத்தில் குற்றவாளிகள் என்று 2023-இல் தீர்ப்பானது. மற்ற இரண்டு போலீசார் விடுதலை. சம்பவமும் வீடியோவும் அதேதான். பார்த்தவர் மாறினார்.

இங்கிலாந்திலும் இதே கதை உண்டு. நாடு கடத்தப்பட இருந்த ஜிம்மி முபெங்கா 2010 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் விமான இருக்கையில், விலங்கோடும் பெல்ட்டோடும் தனியார் காவலர்கள் மூவர் அழுத்திப் பிடித்திருந்தபோது இறந்தார். 2012-இல் அரசு வழக்குத் தொடுப்புத் துறை ஆதாரம் போதாது என்றது. 2013-இல் மரண விசாரணை ஜூரி 'சட்டவிரோத மரணம்' என்றது. அதன் பிறகு குற்றம் சாட்டினார்கள். 2014 டிசம்பரில் மூவரும் விடுதலையானார்கள். தண்டனை கிடைக்கவில்லை என்பதால் அந்த வழக்கைத் தொடுத்திருக்கவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்டனைக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்று மட்டுமே வழக்கறிஞர் பார்க்க வேண்டும். ஜெயிப்பது உறுதியா என்று பார்க்கத் தொடங்கினால் சீருடை அணிந்தவர் மீது ஒரு வழக்கும் வராது.

சரி, உங்கள் நால்வர்.

முழங்காலை ஊன்றிய முதலாமவர் மீது நான் கொலை சாட்ட மாட்டேன். தெரிந்தே உயிராபத்துக்கு உள்ளாக்கி மரணம் விளைவித்தது முதல் குற்றச்சாட்டு, அதற்கு மாற்றாகப் பெருங்கவனக்குறைவு மரணம், தனியாகத் தாக்குதல். மூன்றையும் மூன்றாவது துண்டின் மீது நிறுத்துவேன். இரண்டாவது துண்டில் ஜூரிக்குச் சந்தேகம் வந்தாலும் மூன்றாவது தாங்கும்.

கால்களைப் பிடித்தவரின் பாரம் மூச்சை நிறுத்தவில்லை என்று எதிர்த் தரப்பு சொல்லும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அசைவு நின்றதை அந்த நால்வரில் முதலில் உணர்ந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும், கால்கள் அவர் கையில் இருந்தன. உடந்தை என்று சாட்டுவேன். கூட்டத்தை விலக்கியவரிடம் கவனம் தேவை. முதுகைக் காட்டி நின்றவர் எதைப் பார்த்தார் என்பதை அவர் கேமராவே சொல்லும். கூட்டத்தில் ஒருவர் "அவர் அசையலையே" என்று கத்தியிருந்து, அவரையும் இவர் பின்னால் தள்ளியிருந்தால், தடுக்கும் கடமையை மீறியது மட்டுமின்றி உதவியையும் தடுத்தார் என்று ஆகிறது. ஃபிளாய்ட் வழக்கில் அதே இடத்தில் நின்றவருக்கும் தண்டனை கிடைத்தது. அப்படி எதுவும் பதிவில் இல்லையென்றால் துறை நடவடிக்கைக்கு விட்டுவிடுவேன்.

நான்காமவர்தான் உங்களைத் தூங்கவிடாத ஆள் என்று நினைக்கிறேன். ஃபிளாய்டை ஒருக்களிக்கலாமா என்று கேட்ட இளம் போலீஸ்காரரும் வேலையில் சேர்ந்து சில நாட்களே ஆனவர். ஆம்புலன்சில் ஏறி நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றவரும் அவர்தான். அவருக்கும் சிறைத் தண்டனை வந்தது. கேட்டது அவருக்கு இருபக்கமும் வெட்டுகிறது: மனம் இருந்தது என்பதற்கும் அது சாட்சி, ஆபத்து தெரிந்திருந்தது என்பதற்கும் அதே சாட்சி. புதியவர் மூத்தவரை மீறித் தள்ளியிருக்க வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். ஆனாலும் அடுத்த நான்கைந்து நிமிடத்தில் இரண்டாவது முறை கேட்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. நானாக இருந்தால் அவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்காமல், முழு உண்மையும் சொல்வதாக இருந்தால் அரசுத் தரப்பு சாட்சியாக நிறுத்துவேன். மறுத்தால் பராமரிக்கும் கடமையை மீறியதற்காகக் குற்றம் சாட்டுவேன்.

சாட்சியாக வந்தால், ஏன் கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருக்களிக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த வகுப்பில், அந்த வகுப்பில் முதலாமவரும் இருந்தாரா, நீங்கள் கேட்டபோது முதலாமவர் என்ன பதில் சொன்னார், அந்தப் பதிலுக்குப் பிறகு இறந்தவர் எத்தனை முறை பேசினார் என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லும்போது நேரக்கோட்டுத் தாள் ஜூரியின் கையில் இருக்கட்டும்.